டூர் வண்டியில் இரண்டாவது பேட்டரி: பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு சார்ஜிங் செட்டப்

மண்டபம் ஊரில் ஒரு விடியற்காலை, சாவியைத் திருப்பினால் என் பொலேரோ "டக்" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. ராமேஸ்வரம் போகிற வழியில் முந்தின இரவு அங்கே ஒரு டீக்கடை ஓரம் வண்டியை ஒதுக்கிப் படுத்திருந்தோம். கடலோரப் புழுக்கம் தெரியும்தானே, கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் வேர்வை. அதனால் சாவியை ஆக்சஸரியில் வைத்து, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு சின்ன ஃபேன், ரெண்டு போன், ஒரு லைட் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தூங்கியாயிற்று. காலையில் செல்ஃப் அடிக்கவில்லை. டீக்கு நிறுத்திய லாரிக்காரர் ஒருவர் நல்ல மனசோடு ஜம்பர் வயர் போட்டுத் தருகிறேன் என்றார், ஆனால் லாரியில் இருப்பது ரெண்டு பேட்டரியைத் தொடராகக் கோர்த்த 24 வோல்ட், நம்முடையது 12. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டாடா ஏஸ் ஒன்று வரும்வரை முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த இரண்டாவது பேட்டரி. எஞ்சினை எழுப்ப ஒரு பேட்டரி, நாம் தூங்கும்போது ஓட ஒரு பேட்டரி, வண்டி ஓடும்போது ரெண்டும் சார்ஜ் ஆக வேண்டும், நின்றதும் ரெண்டும் தானாகப் பிரிந்துவிட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதை முதலில் தப்பாகச் செய்தேன், அப்புறம் பிரித்துப் போட்டு மறுபடி செய்தேன். கீழே இருப்பது ரெண்டாவது முறை செய்தது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் போதும், எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை, கடைக்குப் போவதற்கு முன்னாடியே

ஒரு பேப்பர் எடுத்து, ஓர் இரவுக்கு என்னென்ன ஓடும் என்று எழுதுங்கள். எல்லோரும் இதைத் தாண்டிவிட்டு நேரே "எத்தனை ஏஎச் பேட்டரி வாங்கலாம்" என்றுதான் கேட்கிறார்கள். ஏஎச் என்றால் ஆம்பியர் ஹவர், ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது. என் கணக்கு இப்படி இருந்தது: 12 வோல்ட் ஃபேன் ஒன்றரை ஆம்பியர், எட்டு மணி நேரம், ஆக 12 ஏஎச். எல்இடி லைட் அரை ஆம்பியர், நாலு மணி நேரம், 2 ஏஎச். போன் ஒன்றை முழுசாக ஏற்ற 12 வோல்ட் பக்கத்தில் சுமார் 2 ஏஎச் போகும், மூன்று போனுக்கு 6. மொத்தம் 20. லேப்டாப் உண்டென்றால் ஒரு முழு சார்ஜுக்கு இன்னொரு 5 அல்லது 6 சேருங்கள்.

ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுசு வேகமாகக் குறையும். எனவே வரும் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். எனக்கு 20 என்பதால் 40, கடையில் கிடைக்கும் அளவு 42. அவ்வளவு போதும். கம்ப்ரஸர் வைத்த குட்டி ஃப்ரிட்ஜ் வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு அதற்கே 25 முதல் 35 ஏஎச் போய்விடும், அப்போது 100 ஏஎச் பேட்டரி, தடித்த வயர் என்று எல்லாமே ஒரு படி மேலே போகும், பத்தாயிரத்தில் அடங்காது. ஃப்ரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பெட்டி எடுத்துப்போவதில் ஒரு கேவலமும் இல்லை.

எந்த பேட்டரி

வீட்டில் இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிப் போட்ட பழைய டியூபுலர் பேட்டரி கிடக்கும், அதைத் தூக்கி வண்டியில் வைத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. வேண்டாம். 150 ஏஎச் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைவிட முக்கியம், சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதோடு ஆசிட் ஆவியும். வீட்டில் காற்றோட்டமான மூலையில் வைப்பதை நாம் படுத்துத் தூங்கும் மூடிய வண்டிக்குள் வைக்கக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஆசிட் தளும்புவதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சாதாரண கார் பேட்டரி? அது செல்ஃபுக்கு ஒரே நொடியில் நிறைய கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டது. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் காலியாகும் வேலைக்கு அதன் தட்டுகள் தாங்காது.

கம்மி செலவில் சரியான ஆள், ஆபீஸ் யூபிஎஸ்ஸில் போடும் சீல் செய்த விஆர்எல்ஏ பேட்டரி. எக்ஸைட் பவர்சேஃப், அமரான் குவாண்டா என்றெல்லாம் கேட்டால் கொடுப்பார்கள். 26, 42, 65, 100 ஏஎச் என்று அளவுகள் உண்டு. 42 ஏஎச் சுமார் 14 கிலோ. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, சாதாரணமாக வாயு வெளியே வராது, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் 14 சொச்சம் வோல்ட் அதற்கும் ஒத்துவரும். ஆபீஸ்களிலும் ஏடிஎம்களிலும் மாற்றிக் கழித்த பழைய பேட்டரிகளும் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் முழுசாக சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி எதிலும் மாட்டாமல் வைத்துப் பாருங்கள், 12.7-க்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். தாண்டினால், ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டி நாலு மணி நேரம் எரியவிடுங்கள். பல்பு எரியும்போதே 12 வோல்ட்டுக்கு மேல் நின்றால் அதில் உயிர் இருக்கிறது. கடைக்காரர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லையென்றால் புதுசே வாங்கிவிடுங்கள். நான் புதுசுதான் வாங்கினேன்.

எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எல்லா வகையிலும் மேலானது, பாதி எடை, கிட்டத்தட்ட முழுசாகக் காலி செய்யலாம், பல ஆயிரம் முறை சார்ஜ் செய்யலாம். ஆனால் அதற்கு உள்தடை மிகக் குறைவு, ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கிக்கொண்டே இருக்கும். நேராகக் கோர்த்துவிட்டு வண்டியை ஐடிலில் போட்டால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், குளிர்ச்சி போதாமல் ஆல்டர்னேட்டர் கருகிவிடும். அதற்கு நடுவில் கரண்டை அளந்து கொடுக்க ஒரு டிசி டிசி சார்ஜர் வேண்டும். பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் நம் பட்ஜெட் மூணு மடங்கு. பணம் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

உங்கள் ஆல்டர்னேட்டர் எந்த ரகம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்காதீர்கள். என்னுடையது 2014 வண்டி, எஞ்சின் ஓடினால் எப்போதும் 14 வோல்ட் பக்கத்தில் கொடுத்துக்கொண்டே இருக்கும் பழைய ரகம். ஆனால் மைலேஜுக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் பல புது வண்டிகளில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வருகிறது. மாருதியின் எஸ்எச்விஎஸ் என்கிற மைல்ட் ஹைப்ரிட் வண்டிகள் இந்த வகை. ஆக்ஸிலரேட்டரை விட்டால், பிரேக் பிடித்தால் வோல்டேஜை ஏற்றும். சீராகப் போகும்போது மெயின் பேட்டரி நிறைந்திருந்தால் 12.5 பக்கம் இறக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் நான் சொல்லப்போகும் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) முறையில் ரெண்டு பேட்டரியும் சேர்ந்து சேர்ந்து பிரியும், பின்பக்கம் வைக்கும் இரண்டாவது பேட்டரி, அதாவது பின் பேட்டரி, என்றைக்கும் நிறையாது. உங்களுக்கும் டிசி டிசி சார்ஜர்தான் வழி.

கண்டுபிடிப்பது சுலபம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வோல்ட் மீட்டர் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். அதைச் சொருகிவிட்டு அரை மணி நேரம் பைபாஸில் ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் எண்ணைப் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் ஒரே இடத்தில் நின்றால் பழைய ரகம். ஏறி இறங்கி விளையாடினால் ஸ்மார்ட்.

வாரன்ட்டியில் இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் முதலில் பேசுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம், இடம் வேண்டும் என்று சீட்டைக் கழற்றி வீசாதீர்கள். ஆர்சியில் எழுதியிருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் போய் நிற்கும். நான் பொலேரோவின் பின்பக்கச் சைடு சீட்டை மடித்து வைத்ததோடு சரி.

ரெண்டு பேட்டரியையும் எப்படிக் கோர்ப்பது

ஆக மலிவானது, நடுவில் ஒரு பெரிய கை சுவிட்ச். வண்டி ஓடும்போது போட வேண்டும், நின்றதும் அணைக்க வேண்டும். ஒருநாள் மறப்பீர்கள். அன்றைக்கு ரெண்டு பேட்டரியும் காலி, மண்டபம் கதைதான்.

அடுத்தது 40 ஆம்பியர் நாலு முனை ரிலே, இருநூறு ரூபாய். 30, 87 என்று எண் போட்ட முனைகளில் தடி வயர், 85, 86 முனைகளில் அதை இயக்கும் சின்ன வயர். வண்டி எலக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் இதைத்தான் போடுவார்கள், இயக்கும் வயரைச் சாவி ஆன் லைனில் கொடுத்துவிடுவார்கள். அதில்தான் வம்பு. செல்ஃப் அடிக்கும் முன்னாடியே ரெண்டு பேட்டரியும் சேர்ந்திருக்கும், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் ஒரு பங்கு பின் பேட்டரியிலிருந்து இந்தச் சின்ன ரிலே வழியாக ஓடும். ஃபியூஸ் போகும், இல்லையென்றால் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று வெல்டிங் ஆகி ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு ரெண்டு பேட்டரியும் பிரியவே பிரியாது, உங்களுக்கும் தெரியாது. வேறு வழியில்லை, ரிலேதான் என்றால் அந்தச் சின்ன வயரில் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் போட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு தட்டுங்கள்.

நான் போட்டது விஎஸ்ஆர், அதாவது வோல்டேஜைப் பார்த்துத் தானே சேரும் ரிலே. 140 ஆம்பியர் என்று போட்டிருக்கும், சாதாரண பிராண்ட் இரண்டாயிரத்துக்குள் வந்துவிடும். மெயின் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தொட்டால், எஞ்சின் ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் கொடுக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பேட்டரியைச் சேர்க்கும். 12.8-க்குக் கீழே போனால் பிரித்துவிடும். சுவிட்ச் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, தடி வயர் ரெண்டு, எர்த்துக்கு ஒரு சின்னக் கறுப்பு வயர், முடிந்தது. எஞ்சினை நிறுத்தியதும் பேட்டரி வோல்டேஜ் உடனே இறங்காது என்பதால் சில நிமிடம் சேர்ந்தே இருக்கும், பயப்படாதீர்கள். உடனே மறுபடி ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் போட்டால் பிரிந்துவிடும்.

வயர்: காசை இங்கே போடுங்கள்

முதல் முறை நான் ஏமாந்தது பேட்டரியிலும் இல்லை, ரிலேயிலும் இல்லை. ஊரில் ஒரு எலக்ட்ரீஷியன் வீட்டு வயரிங் போக மிச்சமிருந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரைப் பானெட்டிலிருந்து பின்பக்கம் வரை ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் இழுத்துவிட்டார். சார்ஜ் ஆகிறதா? ஆகிறது. மீட்டர் வைத்தால் வோல்ட் காட்டுகிறது. ஆனால் மூணு மணி நேரம் ஓட்டி வந்த பிறகும் இரவு பன்னிரண்டு மணிக்கே ஃபேன் நின்றுவிடும். பேட்டரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டால் தெரியும். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.0175 ஓம். பானெட்டிலிருந்து பின்பக்கம் வளைந்து நெளிந்து 5 மீட்டர், பிளஸ் போக மைனஸ் திரும்ப 10 மீட்டர். 2.5 ஸ்கொயரில் அது 0.07 ஓம், 20 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தால் பேட்டரிக்குப் போய்ச் சேருவது 12.8. அந்த வோல்டேஜில் பேட்டரி அவ்வளவு கரண்டை வாங்காது, கரண்ட் குறைய இழப்பும் குறையும், கடைசியில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும். அதே 20 ஆம்பியருக்கு 6 ஸ்கொயரில் 0.58 வோல்ட் போகும், 10 ஸ்கொயரில் 0.35, 16 ஸ்கொயரில் 0.22. என் 42 ஏஎச்சுக்கு 10 ஸ்கொயர் போட்டேன். 100 ஏஎச் என்றால் 16-க்குக் குறையாதீர்கள்.

வயர் வாங்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நுனியில் ஒரு இழையைப் பிரித்து பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் தாமிரம், வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தால் அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. கார் ஆம்ப்ளிஃபயர் கிட்டில் வரும் பளபள சிவப்பு வயர் பலதும் இந்த ரகம்தான், அளவு பெரிசாக எழுதியிருக்கும், வேலைக்கு ஆகாது. மெல்லிய இழைகள் நிறைய உள்ள வளையும் வயர்தான் வேண்டும், ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும். வெல்டிங் கேபிள் கிடைத்தால் ரொம்ப நல்லது. சென்னையில் என்றால் வயர், லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) மாதிரியானவற்றை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டைப் பக்கமும், மீட்டர், கட் ஆஃப் போர்டு போன்றவற்றை ரிச்சி தெருவிலும் பார்க்கலாம்.

மைனஸுக்கு வயர் எதற்கு, பாடியிலேயே எர்த் கொடுத்துவிடலாமே என்பார்கள். ஒரே கூடாக இருக்கும் கார்களில் பெயின்ட்டைச் சுரண்டி நல்ல போல்ட்டில் கொடுத்தால் ஓடும். பொலேரோ மாதிரி தனி சேஸிஸ் மேல் ரப்பர் வைத்துப் பாடி உட்காரும் வண்டியில், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கிற எர்த் பட்டையை நம்பியாக வேண்டும், அது துருப்பிடித்திருந்தால் அவ்வளவுதான். நான் மைனஸுக்கும் அதே 10 ஸ்கொயரை இழுத்தேன். எண்ணூறு ரூபாய் கூட ஆயிற்று, நிம்மதி.

ஃபியூஸ் ரெண்டு, ஒன்றல்ல

மேலே சொன்ன பழைய வயரிங்கில் முன்பக்கம் மட்டும் ஒரு ஃபியூஸ் இருந்தது. ஒருநாள் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளினேன், கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் தீயும் வாடை. சீட் ஓடும் தண்டவாளத்தின் ஓரம் வயரின் தோலை அறுத்துவிட்டிருந்தது. முன் ஃபியூஸ் ஒழுங்காகப் போய்விட்டது. ஆனால் பின் பேட்டரியும் ஒரு பேட்டரிதானே, அது தன் பக்கத்திலிருந்து கரண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மேட்டைத் தூக்கினால் ஒரு கை நீளத்துக்கு வயர் பழுப்பாகிக் குமிழ் விட்டிருந்தது. பின் டெர்மினலில் துணியைச் சுற்றிப் பிடுங்கி எறிந்தேன். இன்னும் பத்து நிமிடம் கவனிக்காமல் இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே பிளஸ் வயரின் ரெண்டு முனையிலும் ஃபியூஸ், அந்தந்த பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, அதனால் அளவும் வயரைப் பார்த்துத்தான். 10 ஸ்கொயருக்கு 40 ஆம்பியர் போட்டேன், போல்ட் வைத்து முறுக்கும் ரகம். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இந்த வேலைக்கு வேண்டாம், ஹோல்டரே இளகிவிடும்.

வேலை நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஒதுக்குங்கள். மோதிரம், கையில் இருக்கும் செப்பு வளையம், வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். 10 நம்பர் ஸ்பேனர் எடுத்து முதலில் மெயின் பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். எப்போதும் மைனஸ்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி வராது.

பின் பேட்டரியை எங்கே வைப்பது? பானெட்டுக்குள் இடம் இருந்தாலும் வைக்காதீர்கள். விஆர்எல்ஏ பேட்டரிக்குச் சூடு ஆகாது, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுசு சுமார் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. சித்திரை வெயிலில் டீசல் எஞ்சின் பக்கத்தில் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம், சீட்டுக்குப் பின்னால், தரையோடு ஒட்டினாற்போல் வைத்தேன். பிளைவுட்டில் மூடி போட்ட பெட்டி, மூடியில் நாலு ஓட்டை, ராட்செட் பெல்ட் வைத்துத் தரையில் இருக்கும் சீட் போல்ட்டோடு கட்டினேன். பிடித்து ஆட்டினால் பேட்டரி ஆடாமல் வண்டி ஆட வேண்டும். 14 கிலோ ஈயம் திடீர் பிரேக்கில் பறந்து வந்து யார் முதுகிலாவது மோதுவதை நினைத்துக்கொண்டே கட்டுங்கள்.

அடுத்து வயர் இழுப்பது. பின்பக்கத்திலிருந்து கதவுப் படியின் பிளாஸ்டிக்கைக் கழற்றி அதற்கு அடியில், சீட் தண்டவாளத்துக்குக் கிட்டே போகாமல், டேஷ்போர்டு வரை. அங்கிருந்து எஞ்சின் பக்கம் போக ஏற்கெனவே வயர் கட்டு போகும் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அதில் ஒரு சின்ன ஓட்டை போட்டு நுழைக்கலாம். புதுசாகத் தகரத்தில் துளைத்தால் கட்டாயம் ரப்பர் வளையம் போடுங்கள், துளைக்கும் முன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நீளம் முழுக்க கறுப்பு ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள் வயர் போகட்டும். டீசல் லைன், பிரேக் பைப், சைலென்சர், டர்போ, இவற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஒரு சாணுக்கு ஒரு டை போட்டு இறுக்குங்கள்.

நுனிகளுக்கு லக். சுத்தியலால் அடித்து நசுக்குவது, ஈயம் வைத்துப் பற்றவைத்து மட்டும் விடுவது, ரெண்டும் வேண்டாம், பற்றவைத்த இடத்தில் வயர் விறைத்துப் போய் அதிர்வில் அந்த ஓரத்திலேயே முறியும். ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வாங்க வேண்டியதில்லை. வயரை அளந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனால் பேனல் போர்டு செய்யும் கடையில் ஒரு லக்குக்குப் பத்து, இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். அழுத்திய பிறகு இழுத்துப் பாருங்கள், உயிரைக் கொடுத்து இழுத்தாலும் வரக் கூடாது. மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

விஎஸ்ஆரை மெயின் பேட்டரிக்குப் பக்கத்தில், தண்ணீர் நேரடியாகத் தெறிக்காத இடத்தில் திருகி வையுங்கள். வரிசை இதுதான்: மெயின் பேட்டரி பிளஸ், ஃபியூஸ், விஎஸ்ஆரின் ஒரு முனை, மறு முனையிலிருந்து நீள வயர், பின்பக்கம் ஃபியூஸ், பின் பேட்டரி பிளஸ். விஎஸ்ஆரின் கறுப்பு வயர் மெயின் பேட்டரி மைனஸுக்கு. பின் பேட்டரியின் மைனஸ் வயரும் அங்கேயே. எல்லாம் மாட்டும்வரை ரெண்டு ஃபியூஸும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பிளஸ் மைனஸ் மாறவில்லை என்று இரண்டாவது ஆளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், மனைவியோ பையனோ யாராக இருந்தாலும் சரி, புதுக் கண்ணுக்குத்தான் தப்பு தெரியும். அப்புறம் பின் ஃபியூஸ், முன் ஃபியூஸ், கடைசியாக மெயின் மைனஸ்.

பின்பக்கத்தில் ஃபேன், லைட், யூஎஸ்பி எல்லாவற்றுக்கும் ஆறு ஃபியூஸ் உள்ள குட்டிப் பெட்டி ஒன்று வைத்து ஒவ்வொன்றுக்கும் 5 ஆம்பியர் போட்டேன். அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு லோ வோல்டேஜ் கட் ஆஃப் போர்டு, 12 வோல்ட்டுக்கு இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். முந்நூறு ரூபாய் போர்டு நாலாயிரம் ரூபாய் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் வாங்காதீர்கள், 12-ஐ 230 ஆக்கி மறுபடி 19 ஆக்குவதில் ரெண்டு முறை இழப்பு. 12 வோல்ட்டில் நேராக ஓடும் லேப்டாப் சார்ஜர் கிடைக்கிறது.

சரி, சார்ஜ் ஆகிறதா

எஞ்சின் அணைத்திருக்கும்போது முன் பேட்டரி 12.6, பின் பேட்டரி ஏதோ ஒரு வேறு எண், ரெண்டும் ஒன்றாகக் காட்டினால் விஎஸ்ஆர் பிரியவில்லை என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் "டிக்" என்று விஎஸ்ஆர் சேரும் சத்தம் கேட்கும், சின்ன விளக்கு எரியும். இப்போது ரெண்டு பேட்டரியின் முனைகளிலும் நேரடியாக மீட்டர் வையுங்கள். முன்னால் 14.2, பின்னால் 13.9 என்றால் சந்தோஷம். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு லக் சரியில்லை. ஒவ்வொரு இணைப்பின் ரெண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பார்த்தால் எது தின்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இருபது நிமிடம் ஓடிய பிறகு ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அதைப் பிரித்து மறுபடி அழுத்த வேண்டும். கரண்டை அளக்க கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்கள், டிசி ஆம்பியர் அளக்கும் மாடலா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவை பெரும்பாலும் ஏசி மட்டும்தான் அளக்கும். நான் ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பாதி காலியான 42 ஏஎச் பேட்டரி முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக வாங்கும், ரெண்டு மணி நேர ஓட்டத்தில் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும், மிச்சம் 20 ஏற அதைவிட அதிக நேரம் எடுக்கும், அது ஈய பேட்டரியின் குணம், வயரை எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் மாறாது. அதிகபட்ச சார்ஜிங் கரண்ட் இவ்வளவு என்று பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கும். பாதிவரை இறங்கிய பேட்டரி முதல் சில நிமிடம் அதைத் தொட்டாலும் தானாக இறங்கிவிடும், ஆனால் அடிவரை காலி செய்ததை நேராக இதில் சேர்க்க வேண்டாம், வீட்டில் சின்ன சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு மாட்டுங்கள். அப்புறம், ஐடிலில் நிறுத்தி வைத்து சார்ஜ் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், டீசல்தான் போகும்.

எனக்கு ஆன செலவு: பேட்டரி 4,300, விஎஸ்ஆர் 1,800, 11 மீட்டர் வயர் 1,600, ஃபியூஸும் ஹோல்டரும் 500, லக், ஸ்லீவ், பைப் 400, பின்பக்க ஃபியூஸ் பெட்டியும் சாக்கெட்டும் 700, கட் ஆஃப் போர்டு 300. மொத்தம் 9,600. பிளைவுட் வீட்டில் கிடந்தது. விலை கடைக்குக் கடை மாறும், பேட்டரி விலை இன்னும் வேகமாக மாறும்.

டூர் முடிந்து வந்ததும் பின் பேட்டரியை வீட்டுக் கரண்டில் 14.4 வோல்ட் சார்ஜர் ஒன்றில் ஓர் இரவு போட்டு முழுசாக நிரப்பிவிடுகிறேன், அரைகுறையாகவே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படும். வண்டியைப் பல வாரம் எடுக்காதவர்கள் பின் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள், விஎஸ்ஆரும் கட் ஆஃப் போர்டும் சும்மா இருக்கும்போதும் துளித் துளியாகக் குடிக்கும். கழற்றிய ஃபியூஸை ஸ்டியரிங்கில் நூல் போட்டுக் கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம், இல்லையென்றால் அடுத்த டூரில் திருச்சி தாண்டிய பிறகுதான் ஞாபகம் வரும்.